சுவரில் மாட்டிய ஐந்து யூனிட்: வீட்டுச் சோலாருக்கு லித்தியம் பேட்டரி வாங்கி எட்டு மாதம் ஆன பிறகு

வீட்டுச் சோலார் அமைப்பில் இருந்த நான்கு ஈய அமில டியூபுலர் பேட்டரிகளை எட்டு மாதங்களுக்கு முன்பு கழற்றிவிட்டு, சுவரில் மாட்டக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி, அதாவது 5.12 கிலோவாட் மணி (மின்கட்டணத்தில் சொல்லும் யூனிட்) கொள்ளளவு கொண்டது அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்த 16 செல்களும், அவற்றைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டுப் பலகையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. தயாரித்தவரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஒரே செல்லும் ஒரே பலகையும் வெவ்வேறு பெயர் ஒட்டிய பெட்டிகளில் விற்பனைக்கு வரும் பொருள் இது என்பதால், பெயரைக் காட்டிலும் உள்ளே இருப்பதும், அது உங்கள் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகிறதா என்பதுமே வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செல்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த எட்டு மாதத்தில் நான் பட்ட பாடு முழுவதும் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடும் ஒரு சிறிய கம்பியாலும், பழைய பேட்டரிக்காக வைத்திருந்த அமைப்புகளை மாற்றாமல் விட்டதாலும் வந்தது.

பழைய நான்கு பேட்டரிகளும் தலா 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. கணக்குப்படி அவை 7.2 யூனிட் கொண்டவை, ஆகவே 5.12 யூனிட் பேட்டரியை வாங்கியதைப் பார்த்தவர்கள் குறைத்து வாங்கிவிட்டதாகவே நினைத்தார்கள். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், அந்த 7.2 யூனிட்டில் நான் துணிந்து பயன்படுத்தியது 3.6 யூனிட்தான். அந்த 150 ஆம்பியர் மணியும்கூட, பத்து மணி நேரத்தில் நிதானமாக 15 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் கிடைக்கும். மாலையில் 40 ஆம்பியர் எடுக்கும் வீட்டில் அது இன்னும் சுருங்கிவிடும். லித்தியம் பேட்டரியில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம், எடுக்கும் வேகத்தைப் பொறுத்துக் கொள்ளளவு பெரிதாக மாறுவதும் இல்லை.

ஆயினும் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாமல், முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வாக விட்டு, பேனலையும் மின்வாரிய இணைப்பையும் துண்டித்துவிட்டு, ஏறத்தாழ 900 வாட் லோடை நிலையாக வைத்து, பேட்டரி தானே வெளியீட்டை நிறுத்திக்கொள்ளும் வரை ஓடவிட்டேன். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே வைத்திருந்த அளவி 4.98 யூனிட் காட்டியது. இன்வெர்ட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது 4.45 யூனிட். இடையில் காணாமல் போன அரை யூனிட், நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக மாற்றும்போது ஏற்படும் இழப்பும், இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்காகத் தானே எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் சேர்ந்தது. அவசரத்துக்கென 15 விழுக்காட்டைக் கீழே நிறுத்தி வைத்திருப்பதால், அன்றாடம் எனக்குக் கிடைப்பது மூன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. பழைய நான்கையும் புதிதாக இருந்தபோது நம்பியிருந்த அளவும் கிட்டத்தட்ட இதுதான். ஆகவே இருட்டில் ஓடும் நேரம் மட்டும் கூட வேண்டும் என்று எண்ணி மாற்றுபவர்கள் ஏமாறக்கூடும்.

உண்மையான ஆதாயத்தை நான் கண்டது பகலில்தான். ஈய அமில பேட்டரி எண்பது விழுக்காட்டைத் தொட்டதும் மின்னோட்டத்தை ஏற்க மறுக்கத் தொடங்கும். மீதி இருபதை நிரப்ப மூன்று நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக எடுக்கும். அந்த நேரத்தில் வெயில் உச்சியில் நிற்க, பேனல் தரக்கூடிய மின்சாரம் போக்கிடமின்றி வீணாகும். மேகம் மூடிய நாளில் அந்த கடைசி இருபது நிரம்பாமலேயே மாலை வந்துவிடும், அரைகுறையாகக் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி கெடும். லித்தியம் பேட்டரி ஏறக்குறைய இறுதி வரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்கிறது. அரைகுறையாக விட்டாலும் அதற்குக் கவலை இல்லை. உள்ளே போட்டதில் சுமார் 95 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது. பழையவற்றில் எண்பதைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. அதே பேனல்களை வைத்துக்கொண்டே மின்வாரியத்திலிருந்து எடுக்கும் அளவு என் வீட்டில் கண்கூடாகக் குறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், முனைகளில் பூத்திருக்கும் பச்சை உப்பைச் சுரண்டுவதும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறச் சன்னலைத் திறந்து வைப்பதும் முடிந்துவிட்டன. இருநூறு கிலோவுக்கு மேல் தரையில் கிடந்த இடத்தில் இப்போது 48 கிலோப் பெட்டி ஒன்று சுவரில் தொங்குகிறது.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். பொருத்த வந்தவர் நேர்முனையையும் எதிர்முனையையும் இணைத்துவிட்டு, தகவல் தொடர்புக் கம்பியைச் செருகிப் பார்த்தார். இன்வெர்ட்டர் பேட்டரியை அடையாளம் காணவில்லை. ‘இது இல்லாமலும் ஓடும்’ என்று சொல்லி அதைக் கழற்றி வைத்துவிட்டு, இன்வெர்ட்டரில் ஈய அமில வகையையே தேர்ந்தெடுத்து, சில வோல்ட் அளவுகளை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். ஓடத்தான் செய்தது. ஆனால் மூன்றாம் நாள் இரவு, இன்வெர்ட்டரின் திரையில் அறுபது விழுக்காடு மீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வீடு முழுவதும் அணைந்தது.

ஈய அமில பேட்டரியின் மின்னழுத்தம் சார்ஜ் குறையக் குறையச் சீராக இறங்கும். அதைப் பார்த்தே இன்வெர்ட்டர் மீதத்தைக் கணித்துவிடும். இரும்பு பாஸ்பேட் செல்லோ முப்பது விழுக்காட்டிலும் எண்பது விழுக்காட்டிலும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். 16 செல்கள் சேர்ந்தும் வித்தியாசம் ஒரு வோல்ட் அளவுதான் வரும். லோடு ஏறினாலே அந்த ஒரு வோல்ட் இறங்கிவிடும். ஆகவே மின்னழுத்தத்தைப் பார்த்து மீதத்தைச் சொல்லும் இன்வெர்ட்டர் இந்த பேட்டரியிடம் ஊகம்தான் செய்கிறது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர்களை எண்ணிக்கொண்டிருக்கும் பி.எம்.எஸ். ஒன்றுக்கே மீதம் தெரியும்; அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கம்பி.

பார்ப்பதற்குக் கணினி வலையமைப்புக் கம்பியைப் போன்ற ஆர்.ஜே. 45 முனை கொண்ட கம்பி அது. தோற்றத்தை நம்பக் கூடாது. இன்வெர்ட்டர் எந்த ஊசியில் பேசுகிறது, பேட்டரி எந்த ஊசியில் கேட்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதோடு தகவலைப் பரிமாறிக்கொள்ள கேன் (CAN), ஆர்.எஸ். 485 (RS-485) என்று இரண்டு வழிகள் உண்டு; அவற்றுக்குள்ளும் பேசும் நெறிமுறை வேறு வேறு. இரண்டு கையேடுகளையும் அருகருகே விரித்து வைத்து, ஊசி வரிசையை ஒப்பிட்டு, ஒரு முனையை வெட்டி வேறு வரிசையில் கிரிம்ப் செய்து, பேட்டரியின் பக்கத்தில் இருக்கும் சிறு டிப் சுவிட்சுகளை முதன்மைப் பேட்டரிக்குரிய நிலைக்கு மாற்றி, பேட்டரிக்கான செயலியில் என் இன்வெர்ட்டருக்கு ஒத்த நெறிமுறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி இயக்கியபோது, திரையில் பேட்டரியின் உண்மையான மீதம் தோன்றியது. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது எந்த நெறிமுறை என்ற கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்தது. அன்று முதல் எவ்வளவு மின்னழுத்தத்தில், எத்தனை ஆம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை பேட்டரியே இன்வெர்ட்டருக்குச் சொல்கிறது. அவசியம் நேர்ந்தால் தவிர நான் எண்களைத் திருத்துவதில்லை. வாங்குவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், என் இன்வெர்ட்டரின் மாடல் பெயர் உங்கள் பேட்டரியின் ஒத்திசைவுப் பட்டியலில் அச்சில் இருக்கிறதா என்றே கேட்பேன். ‘எல்லா இன்வெர்ட்டருக்கும் ஒத்துவரும்’ என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்னொன்றையும் கண்டேன். பழைய பேட்டரிக்காக வைத்திருந்த சமன்படுத்தும் சார்ஜ், மாதம் ஒரு முறை 59.2 வோல்ட்டுக்கு ஏற்றும்படி, அணைக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஈய அமிலத்துக்கு அது மருந்து. இரும்பு பாஸ்பேட் செல்லின் உச்ச வரம்பு 3.65 வோல்ட், பதினாறுக்கு 58.4 வோல்ட். அதற்கு மேல் போகும்போது பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துக் காப்பாற்றியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடைசிக் காவலனை மாதந்தோறும் வேலை வாங்குவது நல்ல பழக்கம் அல்ல. வெப்பநிலைக்கேற்ப சார்ஜ் அழுத்தத்தை மாற்றும் ஏற்பாடும் ஈய அமிலத்துக்குரியதே, அதையும் அணைத்தேன்.

முதல் சில வாரங்களில் வேறொரு எச்சரிக்கையும் அடிக்கடி வந்தது. சார்ஜ் தொண்ணூற்றைத் தாண்டியதும், மொத்த அழுத்தம் வரம்புக்குள் இருக்கும்போதே, ‘செல் அழுத்தம் அதிகம்’ என்று பேட்டரி சார்ஜை நிறுத்திவிடும். செயலியில் செல் வாரியாகப் பார்த்தால், பதினைந்து செல்கள் 3.42 வோல்ட்டில் இருக்க, பதினோராவது மட்டும் 3.61 வோல்ட்டில் நின்றது. அதே செல் பாதிச் சார்ஜில் மற்றவற்றோடு எட்டு மில்லிவோல்ட் கூட வேறுபடவில்லை. செல் பழுது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட இதுவே போதுமான தோற்றம். உண்மையில் அது மற்றவற்றைவிடச் சற்று முன்னதாக நிரம்பிவிடுகிறது, அவ்வளவுதான். இவ்வகைச் செல் நிரம்பும் தறுவாயில் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுவதால், ஓர் ஆம்பியர் மணி முன்னும் பின்னுமாக இருந்தாலே திரையில் அது பூதாகரமாகத் தெரியும். செல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர என் பேட்டரியின் பி.எம்.எஸ். பயன்படுத்தும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர். ஓர் ஆம்பியர் மணி வித்தியாசத்தை அது கரைக்கப் பத்து மணி நேரம் வேண்டும், அதுவும் செல்கள் உச்சிக்கு அருகில் இருக்கும்போது மட்டுமே அந்த வேலை நடக்கும். சார்ஜ் அழுத்தத்தை 55.2 வோல்ட்டாகவும் மின்னோட்டத்தை 10 ஆம்பியராகவும் குறைத்து, ஐந்தாறு நாட்கள் பகல் முழுவதும் உச்சியில் நிறுத்தி வைத்தேன். வித்தியாசம் 190 மில்லிவோல்ட்டிலிருந்து இருபதுக்கு வந்தது. எச்சரிக்கை அதன்பின் வரவில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேட்டரிகள் கடைக்குத் திரும்பிப் போகாமல் இருந்திருக்கும்.

வாங்கும்போது கொள்ளளவைவிட ஆம்பியரைக் கவனியுங்கள். இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. என் இன்வெர்ட்டர் 5 கிலோவாட். முழு லோடில் அது பேட்டரியிடம் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். பேட்டரியோ தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தரும் என்று அச்சிட்டிருந்தாலும், பரிந்துரைத்த அளவு 50 ஆம்பியர் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு நாள் மாலை வாட்டர் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். பேட்டரி டிரிப் ஆனது. குறை பேட்டரியுடையது அல்ல, இத்தனை ஆம்பியருக்கு ஒற்றைப் பேட்டரி போதாது என்பதை விற்கும்போது சொல்லாததே குறை. பழைய ஈய அமில பேட்டரிகள் அந்த நொடியில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தாங்கிக்கொள்ளும். லித்தியம் பேட்டரியின் காவல் பலகை கணக்குப் பார்த்து உடனே கதவை அடைத்துவிடும்.

பாதுகாப்பு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தீப்பற்றிய கைபேசிகள், வண்டிகள் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, லித்தியம் என்றாலே ஒன்று என நினைக்கிறார்கள். அக்‌ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்எனஃப் ஆகியோர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகையில், ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது. நிக்கல், கோபால்ட் வகைகளைப் போல் சூட்டில் எளிதாக அதை விட்டுவிடாது. (இந்த மூவரில் குட்எனஃப் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) ஆகவே வீட்டுக்குள் வைக்க இந்த வகையைத் தவிர வேறொன்றை நான் எண்ணவில்லை. ஆனால் வேதியியல் காப்பது செல்லை மட்டும்தான். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடிய பொருள் இது. பொருத்த வந்தவர் பையிலிருந்து எடுத்தது மாறு மின்சாரத்துக்கான சாதாரண பிரேக்கர். மாறு மின்சாரம் நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர் மின்சாரத்தில் அந்த இடைவெளியே இல்லை, பொறி வளைவாக நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். அதை மாட்ட வேண்டாம் என்று தடுத்து, நேர் மின்சாரத்துக்கான பிரேக்கரும், பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃப்யூஸும் வாங்கிப் போட்டேன்.

சான்றிதழ் கேட்டபோது விற்றவர் முதலில் அனுப்பியது யு.என். 38.3 மட்டும். அது பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்பத் தகுதி உண்டா என்பதற்கான சோதனை. வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கான பாதுகாப்பைச் சொல்லும் ஐ.இ.சி. 62619 சான்றிதழை இரண்டாம் முறை கேட்டுத்தான் பெற முடிந்தது. அதில் உள்ள மாடல் எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உத்தரவாதத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 6000 சுழற்சிகள் என்ற எண். நாளுக்கு ஒரு முறை நிரப்பி ஒரு முறை காலி செய்தால் அது பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும். உத்தரவாதமோ பத்து ஆண்டுகள். பத்து ஆண்டுகளில் ஆகக்கூடியது 3650 சுழற்சிதான். செல்கள் சும்மா இருந்தாலும் வயதாகிக்கொண்டே போகும் என்பதால், 6000க்குப் பதில் 8000 என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தருவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மாறாக, ‘பத்து ஆண்டுகள் அல்லது மொத்தம் இத்தனை மெகாவாட் மணி, எது முன்னதோ அது’ என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். என் தாளில் அது 16 மெகாவாட் மணி, அதாவது 16,000 யூனிட். நாளொன்றுக்கு நான்கு யூனிட் எடுக்கும் எனக்குப் பத்து ஆண்டுக்கு 14.6தான் ஆகிறது என்பதால் போதும். இரண்டு தடவை நிரப்பிக் காலி செய்யும் வீட்டுக்கு உத்தரவாதம் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

அந்தச் சுழற்சிக் கணக்குகள் எல்லாம் 25 டிகிரி வெப்பநிலையில் எடுத்தவை. வெயில் விழும் வெளிச்சுவரில் மாட்டலாம் என்ற யோசனையைக் கைவிட்டு வீட்டுக்குள் நிழலான சுவரில் மாட்டியும், கோடையில் செல் சூடு 41 டிகிரி வரை போனது. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்து நீடிப்பதுதான் செல்லுக்கு ஆகாதது. ஆகவே பெரும்பாலான நாட்களில் தொண்ணூற்று ஐந்தில் நிறுத்திக்கொண்டு, பத்து நாளைக்கு ஒரு முறை மட்டும் நூறு வரை ஏற்றுகிறேன். செல்களைச் சமன் செய்யவும், ஆம்பியர் எண்ணிக்கையில் சேரும் பிழையை அழித்து மீதத்தை மறுபடி சரியாகக் காட்டவும் அந்த நூறு தேவைப்படுகிறது. உறைநிலைக்குக் கீழே குளிரும் இடங்களில் இருப்பவர்கள் சூடாக்கும் வசதி கொண்ட பேட்டரியைப் பார்க்க வேண்டும். அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும்.

மதிப்பெண் தரச் சொன்னால், பேட்டரிக்குப் பத்துக்கு எட்டரை, கையேட்டுக்கு மூன்று, பொருத்தித் தந்த சேவைக்கு இரண்டு. இரவு முழுவதும் விழித்திருக்கும் என் இன்வெர்ட்டர் 55 வாட் எடுக்கிறது என்பதை அளந்து பார்த்த பிறகு, பன்னிரண்டு மணி நேர இருட்டில் மூன்றில் இரண்டு யூனிட் அதற்கே போகிறது என்று தெரிந்தது. அடுத்த செலவு இரண்டாவது பேட்டரிக்கா, சிக்கனமான இன்வெர்ட்டருக்கா என்று சில வாரம் யோசித்தேன். மோட்டார் போடும்போது டிரிப் ஆவதற்கும் சேர்த்துத் தீர்வு தருவது இரண்டாவது பேட்டரிதான். அதையும் இதே மாடலாக, இதே மென்பொருள் பதிப்போடு, இது வயதாகும் முன்பே வாங்கிவிட வேண்டும். வந்ததும் இரண்டையும் தனித்தனியே முழுமையாக நிரப்பி, மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதை மீட்டரில் பார்த்த பிறகே இணையாகப் பூட்டுவேன். இல்லாவிட்டால் நிறைந்தது குறைந்ததற்குள் ஒரே பாய்ச்சலாகக் கொட்டும். இரண்டும் லோடைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள ஒரே நீளத்தில் 35 சதுர மில்லிமீட்டர் கம்பிகள் வேண்டும். அவற்றை வெட்டி லக் அடித்து எடுத்து வைத்தாயிற்று.